அடிபட்ட இடத்தில் செல்கள் சாவது அடி விழுந்த நொடியிலா, அதற்குப் பிறகா?

முதலுதவி வகுப்பு (கேள்வி)

வணக்கம். முதலுதவி வகுப்புக்குப் பாடம் தயாராகிறது. காயம் என்றால் திசுவுக்குள் என்ன நடக்கிறது என்ற பகுதியில் "அடிபட்டால் செல்கள் சிதைகின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிட மனம் வரவில்லை. மூன்று இடங்களில் விளக்கம் தேவைப்படுகிறது.

முழங்காலுக்குக் கீழே பலமாக அடிபட்டால் முதல் ஒரு மணி நேரத்தைவிட மறுநாள்தான் வீக்கம் அதிகம். செல்கள் அடி விழும்போதே செத்திருந்தால் மறுநாள் ஏன் மோசமாக வேண்டும்?

இடிபாட்டில் கால் சிக்கிப் பல மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், பாரத்தைத் தூக்கியதும் சில நிமிடங்களிலேயே இறந்துபோவது உண்டு என்கிறார்கள். விடுவிப்பதே எப்படி ஆபத்தாகிறது?

சூடு, குளிர், மின்சாரம், நஞ்சு, நசுங்கல் எல்லாம் வேறு வேறு. ஆனால் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அதே உப்பிய செல் படம்தான். எல்லாம் ஒரே வழியில்தான் முடிகிறதா?

கடைசியில் மாணவர்களுக்கு "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்லியாக வேண்டும். ஆகவே அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

திசுக்கண்ணாடி

நல்ல கேள்வி. அடி விழுந்த நொடியில் சாகும் செல்கள் குறைவு. பெரும்பாலானவை அதன் பிறகு, நிமிடங்கள் முதல் நாட்கள் வரையிலான இடைவெளியில் சாகின்றன. சிகிச்சைக்கு வேலை இருப்பதே அந்த இடைவெளியில்தான்.

செல் சவ்விலிருந்து தொடங்குவோம். வெறும் கொழுப்புப் படலமாகப் பார்த்தால் பரப்பளவில் 3 அல்லது 4 சதவீதம் இழுபட்டாலே அது கிழிந்துவிடும். உயிருள்ள செல் அதைவிடத் தாங்குவதற்குக் காரணம், சவ்வில் மடிப்புகளும் சிறு குழிவுகளும் உபரியாக இருப்பதுதான். இழுக்கும்போது முதலில் அவை விரிந்து கொடுக்கும். அதையும் மீறினால் ஓட்டை விழும்.

ஓட்டை விழுந்தால் உடனே சாவு என்று எழுதிவிடாதீர்கள். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. கிழிசல் வழியாக அது உள்ளே பாய்வதே பழுதுபார்க்கும் மணி. உள்ளேயிருக்கும் சிறு கொழுப்புப் பைகள் ஓடிவந்து ஒட்டுப்போடுகின்றன. சிறு கிழிசல் என்றால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் மூடிவிடும். கடுமையான உடற்பயிற்சியில் தசைச் செல்களில் இது அன்றாடம் நடக்கிறது. ஒட்டுப்போடும் வேலைக்குத் தேவையான டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்குத் தசைநார்ச் சிதைவு வருகிறது. அந்தப் பழுதுபார்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிழிசல் பெரிதாக இருந்தாலோ, ஒட்டுப்போட ஆற்றல் இல்லாவிட்டாலோதான் சிக்கல். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதிலும் அந்த ஆற்றலில்தான் இருக்கிறது.

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல் தன் வேலைக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும். இல்லாவிட்டால் 2 மட்டுமே, கூடவே லாக்டிக் அமிலம். ஏடிபி குறைந்ததும் முதலில் தடுமாறுவது சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப் அது. அது நின்றால் சோடியம் உள்ளே தங்கும், அதன் பின்னாலேயே தண்ணீர் வரும். எல்லாப் புத்தகத்திலும் நீங்கள் பார்க்கும் உப்பிய செல் இதுதான். காரணம் சூடோ, நஞ்சோ, நசுங்கலோ எதுவானாலும், சவ்வு ஓட்டையாவதும் ஏடிபி தீர்ந்துபோவதும் கடைசியில் ஒரே வாசலில் கொண்டுவந்து விடுகின்றன.

இந்த உப்பல் நிலை திரும்பக்கூடியது. மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் திரும்பினால் செல் பிழைத்துக்கொள்ளும். திரும்ப முடியாத கோடு எது என்றால், ஆக்சிஜன் கிடைத்த பிறகும் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவால் ஏடிபி செய்ய முடியாத நிலை, அதோடு சவ்வும் மூட முடியாதபடி ஓட்டையான நிலை. அந்த இடத்துக்குத் தள்ளுவது கால்சியம்தான். அளவாக வந்தபோது பழுதுபார்க்க அழைத்த அதே கால்சியம் அளவு மீறினால், கொழுப்பை அரிக்கும் என்சைம்களையும் புரதத்தை வெட்டும் கால்பெயினையும் டிஎன்ஏவைத் துண்டாக்கும் என்சைம்களையும் ஒரே சமயத்தில் எழுப்பிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பெரிய துளை திறந்து, ஏடிபி உற்பத்தி அத்தோடு நின்றுவிடும்.

ரத்தம் அறவே நின்றால், சாதாரண உடல் வெப்பத்தில் அந்தக் கோடு எப்போது வரும்? மூளை நரம்புச் செல்லுக்கு 3 முதல் 5 நிமிடம். இதயத் தசைக்கு 20 முதல் 30 நிமிடம். எலும்புத் தசை 2 மணி நேரம் வரை பெரிய சேதமின்றித் தாங்கும். 6 மணி நேரத்தைத் தாண்டினால் பெரும்பகுதி போய்விடும்.

செத்ததும், செத்ததாகக் கண்ணில் படுவதும் வேறு வேறு நேரம். இதயத் தசையில் ரத்தம் நின்று அரை மணி நேரத்தில் செல் மீள முடியாத நிலைக்குப் போயிருக்கும். அப்போது எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா வீங்கியிருப்பது தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. 4 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் சைட்டோபிளாசம் அடர் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறும். உட்கரு சுருங்கிக் கருத்து, பிறகு துண்டாகி, கடைசியில் கரைந்துபோகும்.

மறுநாள் வீக்கத்துக்கு வருகிறேன். நசுங்கி வெடித்த செல் தன் உள்ளடக்கத்தை வெளியே கொட்டுகிறது. ஏடிபி, எச்எம்ஜிபி1 என்ற உட்கருப் புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ எல்லாம் வெளியே வந்தால் நோயெதிர்ப்புச் செல்களுக்கு அபாய அறிவிப்பு. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்தது. அதன் டிஎன்ஏவும் புரதங்களும் இன்றும் பாக்டீரியா சாயலிலேயே இருக்கின்றன. ஆகவே கிருமியே இல்லாத மூடிய காயத்திலும் உடல் கிருமி வந்ததுபோலப் போருக்குக் கிளம்புகிறது. நுண்குழாய்கள் (மிகச் சிறிய ரத்தக்குழாய்கள்) கசியும். முதல் நாளில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் குவியும், இரண்டாம் நாளிலிருந்து செத்ததை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் வரும். நீங்கள் மறுநாள் காணும் வீக்கம் இந்தக் கசிவுதான், அடியின் நேரடி விளைவு அல்ல.

அப்போப்டோசிஸ் பற்றியும் ஒரு சொல். 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் பெயரிட்ட அந்த ஒழுங்கான சாவில் செல் சுருங்கி, மூட்டை மூட்டையாகப் பிரிந்து, பக்கத்துச் செல்களால் விழுங்கப்படும். உள்ளடக்கம் கசியாது, வீக்கமும் வராது. ஆனால் அதற்கும் ஏடிபி வேண்டும். ஆற்றல் கொஞ்சம் மீதமுள்ள காயத்தின் ஓரங்களில் அப்போப்டோசிஸும், அறவே இல்லாத நடுவில் நெக்ரோசிஸும் (செல் உப்பி வெடிக்கும் ஒழுங்கற்ற சாவு) காணப்படுவது இதனால்தான்.

அவசரப்பிரிவு

ரெண்டாவது கேள்வி என் பக்கம்.

இதை மருத்துவ உலகம் கவனமாகப் பதிவு செய்தது 1941-இல், லண்டன் குண்டுவீச்சு சமயத்தில். பைவாட்டர்ஸும் பீலும் எழுதினாங்க. இடிபாட்டிலிருந்து மீட்டவங்க முதலில் தேறின மாதிரி இருந்து, ஒரு வாரத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. சிறுநீரகத்தில் அடியே படலை. அடிபட்டது கால் தசை.

கணக்கைப் பாருங்க, புரிஞ்சிடும். தசைச் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல், ரத்தத்தில் 3.5 முதல் 5. உடம்பில் செல்லுக்கு வெளியே இருக்கிற மொத்தப் பொட்டாசியமே 60, 70 மில்லிமோல்தான். ஒரு கிலோ தசையில் கிட்டத்தட்ட 100 மில்லிமோல் இருக்கு. அப்படின்னா ஒரு தொடையில் அரை கிலோ தசை செத்துக் கசிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. பாரம் அழுத்திக்கிட்டிருக்கும்வரை இது அங்கேயே தேங்கி நிக்குது. பாரத்தைத் தூக்கினதும் பொட்டாசியமும் அமிலமும் நேரா இதயத்துக்கு. அதே நேரத்தில் ரத்தத்திலிருந்து தண்ணி லிட்டர் லிட்டரா அந்தத் தசைக்குள்ள இறங்குது, கூடவே கால்சியமும். ரத்த அளவு குறையுது, பொட்டாசியம் ஏறுது, கால்சியம் இறங்குது. இதயத்துக்கு மூணும் சேர்ந்து வருது.

சிறுநீரகத்துக்கு எமன் மயோகுளோபின், செத்த தசையிலிருந்து கசியற புரதம். உடம்பில் தண்ணி குறைஞ்சு சிறுநீர் அமிலமா இருந்தா, அது அங்கேயுள்ள புரதத்தோட சேர்ந்து கட்டியாகிக் குழல்களை அடைக்கும்.

செய்ய வேண்டியது: தலை, கழுத்து, மார்பு, வயிறு மேல பாரம் இருந்தா ஒரு நொடிகூட யோசிக்காம எடுக்கணும். கை காலில் இருந்தாலும், பாதுகாப்பா எடுக்க முடியும்னா முதலுதவி செய்யறவங்க தாமதிக்கக் கூடாது. நேரம் ஆக ஆக சாகிற தசைதான் கூடும். ஆனா மணிக்கணக்கா சிக்கியிருக்கார், மருத்துவக் குழு பக்கத்தில் வந்தாச்சு, எடுக்க இன்னும் நேரமாகும்னா, வெளியே இருக்கிற கையில் ஊசி போட்டு 0.9 சதவீத சேலைனை (உப்புநீரை) மீட்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். பெரியவங்களுக்கு மணிக்கு 1 லிட்டர், 2 மணி நேரம் கழிச்சு பாதியாக் குறைச்சு, சிறுநீர் அளவைப் பார்த்து மாத்தணும். ரிங்கர் லாக்டேட்ங்கிற இன்னொரு திரவம் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கு. ரத்தப்போக்கு உயிருக்கு ஆபத்தா இருந்தாலொழிய டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்கக் கட்டு) கட்ட வேண்டாம்.

ஈசிஜியில் டி அலை கூம்பா உயர்ந்து, க்யூஆர்எஸ்ங்கிற கூரான அலைப்பகுதி அகலமானா 10 சதவீத கால்சியம் குளூக்கோனேட் 10 மி.லி., சில நிமிடத்தில் மெதுவா. இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரக் கவசம் மட்டும்தான். அதுக்குள்ள 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும் ஏத்தி பொட்டாசியத்தைச் செல்லுக்குள்ள தள்ளணும். ஈசிஜி நல்லா இருந்து, ரத்தப் பரிசோதனையில் கால்சியம் குறைவுன்னு மட்டும் வந்தா அதுக்காகக் கால்சியம் ஏத்தாதீங்க. தசைக்குள்ள போனது நாலு நாள் கழிச்சுத் திரும்பி வரும், அப்ப அளவு மீறும்.

பரிசோதனையில் அடிக்கடி ஏமாறுற இடம் ஒண்ணு. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். சிறுநீரில் தோய்க்கிற பரிசோதனைப் பட்டையான டிப்ஸ்டிக்கில் ரத்தம்னு காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தா சிவப்பணு ஒண்ணுகூட இருக்காது. அது மயோகுளோபின். சில மணி நேரத்தில் அது வடிஞ்சிடும், அதனால சிறுநீர் தெளிஞ்சிடுச்சுன்னு நிம்மதி அடையாதீங்க. தசையிலிருந்து ரத்தத்துக்கு வர்ற என்சைமான கிரியேட்டின் கைனேஸ்தான் நம்பத்தகுந்தது. அது உச்சத்துக்கு வர 1 முதல் 3 நாள் ஆகும். லிட்டருக்கு 1,000 யூனிட்டைத் தாண்டினா தசைச் சிதைவுன்னு எடுத்துக்கலாம், 5,000-ஐத் தாண்டினா சிறுநீரகத்தைப் பத்திக் கவலைப்படணும்.

நரம்பிழை

திசுக்கண்ணாடி சார் சொன்னதில் ஒரு திருத்தம். ஏடிபி குறைந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும்போதே செல்லின் உருவம் சிதைவதால் மட்டும் வரும் சேதம் உண்டு.

மூளையில் நரம்பிழைகளை (நரம்புச் செல்லின் நீண்ட இழைகளை) மெதுவாக இழுத்தால் நீளத்தில் இரு மடங்கு வரைகூட நீண்டு, விட்டால் பழையபடி ஆகிவிடும். அதையே 50 மில்லிநொடிக்குள் சடாரென்று இழுத்தால் உள்ளே தண்டவாளம்போல ஓடும் நுண்குழல்கள் முறிந்துவிடுகின்றன. எவ்வளவு இழுபட்டது என்பதோடு எவ்வளவு வேகமாக இழுபட்டது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. இழை அந்த நொடியில் அறுவதில்லை. முறிந்த இடத்தில் சரக்குப் போக்குவரத்து நின்று, மணி கோத்ததுபோல வீங்கி, பல மணி நேரம் அல்லது நாட்கள் கழித்துத்தான் துண்டாகிறது. இறந்தவரின் மூளையில் அமிலாய்டு முன்னோடிப் புரதத்துக்குச் சாயமிட்டுப் பார்த்தால் அந்தத் தேக்கம் 2, 3 மணி நேரத்திலேயே தெரியும். அதே ஆளின் முதல் சிடி ஸ்கேன் சுத்தமாக இருந்திருக்கலாம்.

ஆகவே தலைக்காயத்தில் முதலுதவியின் வேலை அந்த இடைவெளியில் இரண்டாவது அடி விழாமல் பார்ப்பது. சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே போனாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. சர்க்கரை குறைவும் காய்ச்சலும் அதே அளவுக்கு விரோதிகள்.

படுக்கைப் புண்ணிலும் இதே கதை. நுண்குழாய் அடைப்பட்டு ஆக்சிஜன் இல்லாமல் சாக மணிக்கணக்கில் ஆகும். எலும்பு முனைக்கு மேலே தசை கடுமையாக நசுங்கினால் செல் சட்டகம் நேரடியாகச் சிதைவது நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். தோல் முழுசாக இருக்கும், அடியில் ஊதா நிறம் படரும். தோலைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று விடுவது தவறு. உள்ளே தசைதான் முதலில் போகிறது.

முதலுதவி வகுப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம் மிச்சம். ஆக்சிஜன் இல்லாமல் சாகும் செல்லுக்கு ஆக்சிஜன் கொடுத்தால் நல்லதுதானே. ரத்த ஓட்டம் திரும்பும்போது சேதம் கூடுகிறது என்று படித்தேன். அது பொட்டாசியத்தால் மட்டும்தானா? சூடு, குளிர் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

திசுக்கண்ணாடி

நரம்பிழையின் திருத்தம் சரி, ஏற்கிறேன்.

பொட்டாசியம் உடல் முழுவதற்கும் ஆபத்து. அந்தத் தசைக்குள்ளேயே நடப்பது வேறு. ரத்தம் நின்ற நேரத்தில் ஏடிபி உடைந்து உடைந்து ஹைப்போசாந்தினாகத் தேங்கியிருக்கும், மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் குவிந்திருக்கும். ஆக்சிஜன் திடீரென்று வந்ததும் இரண்டும் ஒரே மூச்சில் எரிந்து சூப்பராக்சைடு என்ற வீரிய மூலக்கூறைக் கக்குகின்றன. கூடவே இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியாவின் அந்தப் பெரிய துளையை அதுவரை மூடி வைத்திருந்தது தேங்கிய அமிலம்தான். ரத்தம் வந்து அமிலத்தைக் கழுவியதும், கால்சியம் நிறைந்து கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் துளை திறந்துகொள்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் ரத்த ஓட்டத்தைத் தாமதிக்கலாம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. திரும்பும் ரத்தம் சில செல்களைக் கொல்லும், திரும்பாத ரத்தம் எல்லாவற்றையும் கொல்லும்.

தீக்காயப்பிரிவு

சூட்டில் வெப்பம், நேரம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் 1947-இல் வெளியிட்ட அளவுகள் இன்றும் அடிப்படை. தோலின் மேற்பரப்பு 44 டிகிரி செல்சியஸில் சுமார் 6 மணி நேரம் இருந்தால்தான் மேல்தோல் சாகும். 60 டிகிரியில் 5 நொடி போதும். 70-ஐத் தாண்டினால் ஒரு நொடிகூட வேண்டாம். 44-க்கும் 51-க்கும் இடையில் ஒவ்வொரு டிகிரிக்கும் சேத வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்குபவருக்கும், உணர்ச்சியற்ற கால் உள்ளவருக்கும் மிதமான சூட்டிலேயே ஆழமான புண் வருவது இந்தக் கணக்கால்தான்.

ஜாக்சன் 1953-இல் பிரித்துக் காட்டிய மூன்று வளையங்களை உங்கள் பாடத்தில் கட்டாயம் வரையுங்கள். நடுவில் புரதம் உறைந்து செத்த பகுதி. அதைச் சுற்றி ரத்தம் மந்தமாக ஓடும் பகுதி. வெளியே சிவந்து, தானே தேறிவிடும் பகுதி. நடு வளையம் யார் என்ன செய்தாலும் போனது போனதுதான். இரண்டாவது வளையம் அடுத்த ஓரிரு நாளில் பிழைக்கலாம், சாகலாம். குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடச் சொல்வது இந்த வளையத்துக்காக. காயம்பட்டு 3 மணி நேரம் வரை அதற்குப் பலன் உண்டு. பனிக்கட்டி வைத்தால் நுண்குழாய்கள் சுருங்கி, காப்பாற்ற நினைத்த வளையத்தை நாமே கொன்றுவிடுவோம். உடலில் பெரும்பகுதி வெந்திருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, காயத்தை மட்டும் குளிர்வித்து மற்ற இடங்களைப் போர்த்தி வையுங்கள்.

பனிக்கடியில் பனிப்படிகம் முதலில் செல்லுக்கு வெளியேதான் உருவாகிறது. வெளியே தண்ணீர் உறைந்ததும் மிச்சத் திரவத்தில் உப்பு அடர்ந்து, செல்லுக்குள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சி வற்ற வைக்கிறது. தேய்த்தால் அந்தப் படிகங்களே கத்தியாகும். 37 முதல் 39 டிகிரி நீரில், பகுதி மென்மையாகிச் சிவக்கும்வரை அமிழ்த்துங்கள். பொதுவாக 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். மீண்டும் உறைந்துபோக வாய்ப்பு இருந்தால் உருக்கவே வேண்டாம். ஒரு முறை உருகி மறுபடி உறையும் திசுவின் சேதம் பல மடங்கு.

மின்சாரத்தில் தோலின் புண்ணைப் பார்த்து எடைபோடாதீர்கள். மின்புலம் சவ்வில் துளையிடும். நீளமான செல்லுக்கு அதன் முனைகளில் மின்னழுத்தம் அதிகம் விழும் என்பதால் தசையும் நரம்பும்தான் முதலில் பலி. கையில் பொட்டளவு கருகல், உள்ளே முழங்கை வரை தசை செத்திருக்கும். அதன் பிறகு அவசரப்பிரிவு சொன்ன அதே மயோகுளோபின், அதே சிறுநீரகம்.

முதலுதவி வகுப்பு

பாடத்தில் எழுதியிருக்கும் ஒரு பத்தியைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்: "காலில் பலத்த அடிபட்டால் காலை உயர்த்தி வைத்து, இறுக்கமாகக் கட்டுப்போட்டு, பனிக்கட்டி வைக்கவும். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கும்வரை ரத்த ஓட்டம் சரியாக உள்ளது என்று கொள்ளலாம்."

அவசரப்பிரிவு

முதல் வாக்கியம் சாதாரண சுளுக்குக்குச் சரி, ஆனா கட்டு இறுக்கமா இருக்கக் கூடாது. ரெண்டாவது வாக்கியத்தை உடனே எடுத்துடுங்க, அது ஒரு காலையே பறிச்சிடும்.

தசையைச் சுத்தி விரியாத உறை இருக்கு. உள்ள வீக்கம் வந்தா அழுத்தம் ஏறும். சாதாரணமா 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கிறது 30, 40-ன்னு ஏறினா நுண்குழாய்கள் மூடிக்கும், ஆனா பெரிய தமனியில் அழுத்தம் 120. அதனால தசை செத்துக்கிட்டிருக்கும்போதும் பாதத்தில் நாடி நல்லாவே துடிக்கும். நாடி போறது கடைசிக் கட்டம்.

பார்க்க வேண்டியது வலி. அடிக்குப் பொருந்தாத அளவு வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, கால் விரலை நீங்க மெதுவா நீட்டி மடக்கினா கெண்டைக்காலில் உயிர் போற வலி, தொட்டா கல்லு மாதிரி இறுக்கம், விரலிடுக்கில் மரத்துப்போறது. இப்படி இருந்தா கட்டு, மாவுக்கட்டு எல்லாத்தையும் தோல்வரைக்கும் தளர்த்துங்க. காலை இதய மட்டத்திலேயே வைங்க, உயர்த்தாதீங்க. ஏற்கெனவே திணறுற நுண்குழாய்களுக்கு வர்ற ரத்தம் இன்னும் குறைஞ்சிடும். டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) உறைக்குள்ள இருக்கிற அழுத்தத்துக்கும் வித்தியாசம் 30-க்குக் கீழ போனா உறையைக் கிழிச்சுத் திறக்கணும். அறுவை அரங்குக்குப் போய்ச் சேர கையில் இருக்கிறது 6 மணி நேரம், அதை வலி தொடங்கின நேரத்திலிருந்து எண்ணுங்க. அந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி நோயாளியோட அனுப்பச் சொல்லி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்க.